பக்கத்து இருக்கையில் ஒரு பிரேக்

மார்ச் 9

அன்புள்ள வாலுவுக்கு,

நீ சுகமா? அங்கே குளிர் கொஞ்சமாவது விட்டதா? இங்கே என் வலது பாதம் ஒன்றைத் தவிர எல்லோரும் நலம்.

உன் அண்ணன் போனில் சொன்னது பாதிதான் இருக்கும். அவர் எதையும் பாதிதான் சொல்வார். நம் வீட்டு போனோ ஸ்பீக்கரில்தான் பேசும். மாமாவுக்குக் கேட்க வேண்டும் என்று போட்டது, இப்போது பக்கத்து வீட்டுக்கும் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். பதிலை நான் வேலை செய்யும் மருந்துக்கடை முகவரிக்கே போடு. வீட்டுக்கு வந்தால் மாமாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். முதலாளியம்மா என்னைப் பார்க்க வரும்போது கொண்டுவந்து தருவார்.

போன ஞாயிறு காலை மாமாவும் நானும் வண்டியில் வெளியே போயிருந்தோம். திரும்பும்போது மில் ரோட்டுச் சந்திப்பில் நமக்குப் பச்சை விளக்கு. குறுக்குத் தெருவிலிருந்து ஒரு வெள்ளை வேன் சிவப்பை மதிக்காமல் வந்து மோதியது. ஓட்டியவன் இறங்கவில்லை. பின்னால் எடுத்து, திருப்பி, போயே விட்டான். வண்டி எண்ணை யாரும் பார்க்கவில்லை. மாமாவுக்கு நெற்றியில் ஒரு வீக்கம் மட்டும்தான். வண்டியை நான்தான் ஓட்டினேன்.

எனக்குக் கணுக்கால் எலும்பு உடைந்து விலகியிருக்கிறது. இப்போதைக்கு மாவுக்கட்டு. ஆபரேஷன் செய்து தகடு வைத்தால் பழையபடி நிற்கலாம் என்கிறார் டாக்டர். வைக்காவிட்டால் கோணலாகச் சேர்ந்துவிடுமாம். நடக்கலாம், ஆனால் நாள் முழுக்க நிற்க முடியாது. மருந்துக்கடையில் உட்கார்ந்து செய்கிற வேலை எது, நீயே சொல். இருந்தாலும் முதலாளியம்மா என் இடத்தில் வேறு ஆளைப் போடாமல் வைத்திருக்கிறார். அந்த ஆபரேஷனுக்கு இப்போது வழியில்லை. வண்டிக்கு இன்சூரன்ஸ் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க மறந்துவிட்டேன்.

கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது தலைக்கவசம் போட்டுக்கொள்.

உன் அண்ணி


மார்ச் 22

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அழுகை வந்தது, அப்புறம் கோபம் வந்தது, அப்புறம் நன்றாகப் பசித்தது. இப்போது சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் கால் வலி தூங்க விடுகிறதா?

இன்சூரன்ஸை மறந்தீர்களா? நீங்களா? எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்த கையோடு, "இந்த இருமல் மருந்து போன மாசமே செத்துப் போச்சு" என்று தூக்கிப் போடுகிறவர் நீங்கள். சரி, போகட்டும். அடிபட்ட ஆளிடம் சண்டை போடக்கூடாது. கால் சரியானதும் வைத்துக்கொள்கிறேன்.

இங்கே விசாரித்துவிட்டேன். என்னோடு லிஃப்ட் சோதிக்க வருகிற நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் அங்கே இதே கதி நேர்ந்திருக்கிறது. நம் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாதது நம் தப்பு. அதற்கு அபராதம் கட்டுவோம். ஆனால் சிவப்பில் வந்து இடித்தது அவன் தப்பு. நமக்கு இன்சூரன்ஸ் இல்லை என்பதால் அவன் தப்பு சரியாகிவிடாது. அவன் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் அவர்கள் நமக்குத் தந்தாக வேண்டும். வேன் கிடைக்காவிட்டால் அரசாங்கத்தில் ஒரு நிதி இருக்கிறது. அது ஊன்றுகோல் வாங்கத்தான் காணும் என்றார் அவர். ஆக, வேனைப் பிடித்தால்தான் ஆபரேஷன்.

மில் ரோட்டுச் சந்திப்பில்தானே நம் 'ரிவர்ஸ்' டயர் கடை இருக்கிறது? அவர் கடை வாசலில் கேமரா மாட்டியிருப்பதாக அண்ணன் ஒருமுறை சொன்ன ஞாபகம். உடனே போய்ப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். வாசல் கேட்டைப் பார்த்தாலே பின்னால் போய் இடிக்கிற ஆள் என்று அப்பா அந்தப் பெயரை வைத்தாலும், தம் டிரைவிங் பள்ளியில் கற்றுக்கொடுத்து அவருக்கு லைசன்ஸ் வாங்கிக் கொடுத்ததும் அப்பாதானே. மாட்டேன் என்றா சொல்வார்?

அப்பா ஏன் போனுக்கு வருவதில்லை? கூப்பிடும்போதெல்லாம் அண்ணன், "மாஸ்டர் ரெஸ்ட் எடுக்கறார்" என்கிறான். அப்பா ரெஸ்ட் எடுத்து நான் பார்த்ததே இல்லை.

காலை உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிலுக்காகத் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
வாலு


ஏப்ரல் 4

அன்புள்ள வாலுவுக்கு,

சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா? இங்கே வலி குறைந்திருக்கிறது. மாவுக்கட்டுக்குள் அரிப்புதான் தாங்கவில்லை. உன் அண்ணன் பின்னல் ஊசி ஒன்றை எங்கிருந்தோ தேடிக்கொண்டு வந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு அவர் வாங்கிக் கொடுத்ததில் உருப்படியான பொருள் இதுதான்.

நீ எழுதியதைச் சரிபார்க்க ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். சிரித்த முகம். நீ விசாரித்துச் சொன்னது சரியாம். "வண்டி நம்பர் கெடைச்சா கேஸ் பாதி முடிஞ்ச மாதிரிம்மா. கெடைக்கலேன்னா நாம காத்தோட சண்டை போடணும்" என்றார். அரசு நிதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டார். நான் போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தின் நகலையும் வாங்கி வைத்திருக்கிறார்.

மாமாவுக்கு நெற்றி வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் அதிகம் பேசுவதில்லை. காலையில் கூடத்து நாற்காலியில் உட்காருகிறார். தெருவில் யாராவது கியரைக் கரகரவென்று மாற்றினால் முன்பெல்லாம் ஜன்னல் வழியாகத் திட்டுவார் இல்லையா? இப்போது திட்டுவதில்லை. வண்டி மெக்கானிக்கின் ஷெட்டில் நிற்கிறது.

நீ எழுதிய மற்றவற்றை மெதுவாகப் பார்க்கலாம். குளிரில் காதை மூடிக்கொள்.

உன் அண்ணி


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணிக்கு,

காது, மூக்கு எல்லாம் மூடியாயிற்று. நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் அரிப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறீர்கள், கேமராவைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதனால் நானே ரிவர்ஸுக்கு போன் போட்டேன். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"பதிவு பத்திரமா இருக்கு தங்கச்சி. வேன் நம்பர்கூட சுத்தமா தெரியுது."

"அப்புறம் ஏன் போலீஸ்ல குடுக்கலை?"

"மெஷின் ரிப்பேர்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"அது... அண்ணிகிட்ட கேளும்மா. கடையில ஆள் நிக்குது, வச்சிடறேன்."

அவர் கடையில் ஆள் நிற்பதை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அண்ணி, நம்பர் இருக்கிறது. வேனைப் பிடிக்கலாம், காலைச் சரி செய்யலாம். இதற்கு மேல் எதற்குக் காத்திருக்கிறீர்கள்? ரிவர்ஸ் ஏன் போலீஸிடம் பொய் சொன்னார்?

பதில் உடனே வேண்டும்.

வாலு


ஏப்ரல் 27

அன்புள்ள வாலு,

நலம்தானே? கால் தேவலை.

டயர் கடைக்கு இனி போன் செய்ய வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். அரசு நிதியில் கிடைப்பது கிடைக்கட்டும். மருந்துக்கடையில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளலாமா என்று முதலாளியம்மாவைக் கேட்டிருக்கிறேன்.

மாமா நன்றாக இருக்கிறார்.

அண்ணி


மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வண்டி எப்படி இருக்கிறது என்று அண்ணனிடம் கேட்டேன். ஷெட்டில் எடுத்த ஒரு படத்தை அனுப்பினான். அவனுக்கு அதில் ஒரு நசுங்கிய கார் தெரிந்திருக்கும். எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. என் பிழைப்பே கெட்டுப்போன பொருளைப் பார்த்து எப்படிக் கெட்டது என்று சொல்வதுதானே.

ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நசுங்கியிருப்பது பக்கத்து இருக்கையின் கதவு, முன்சக்கரத்தை ஒட்டி, கால் வைக்கிற இடம். ஓட்டிய உங்களுக்கு அங்கே எப்படிக் கால் உடைந்தது? அங்கே உட்கார்ந்திருந்த அப்பா எப்படி நெற்றி வீக்கத்தோடு பிழைத்தார்?

அதோடு, அந்தக் கதவிடுக்கில் ஒரு பெடல் தெரிகிறது. நான் ஓட்டப் பழகியதும் அந்த வண்டியில்தான். பக்கத்து இருக்கையில் அப்பாவுக்கு ஒரு கிளட்ச், ஒரு பிரேக். நான் தப்பு செய்தால் அவர் மிதிப்பார். பயிற்சிப் பள்ளியை மூடி இவ்வளவு நாள் ஆகியும் அவற்றை ஏன் இன்னும் எடுக்கவில்லை?

அப்பா இனி ஓட்டக்கூடாது என்று கண் டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். நேராக இருப்பது தெரியும், ஓரத்தில் வருவது தெரியாது என்றார்.

அண்ணி, அன்றைக்கு ஓட்டியது யார்?

வாலு


ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடமிருந்து கடிதமே இல்லை. நலமாக இருக்கிறீர்கள் என்று அண்ணன் சொல்கிறான். அவன் சொன்னால் அதில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

போன வாரம் ஒரு பழைய கட்டடத்தில் சோதனைக்குப் போனேன். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மாள். நான் வெளியிலிருந்து, "பதறாதீங்க, கயிறு உறுதியா இருக்கு, பிரேக் பிடிச்சிருக்கு, விழாது" என்று விளக்கம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவர் கடைசியில் கத்தினார்: "அதெல்லாம் இருக்கட்டும். நீ எங்கேயும் போகாம அங்கேயே நில்லு, போதும்!"

போன கடிதத்தில் நான் கேட்டது குறுக்கு விசாரணை மாதிரி ஆகிவிட்டது. பதில் வேண்டாம். நான் எங்கேயும் போகாமல் இங்கேயே நிற்கிறேன். கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் வாலு


ஜூன் 24

என் அன்பு வாலுவுக்கு,

நீ நலமாக இரு. இதை மருந்துக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டு பிரித்தாயிற்று. எலும்பு கோணலாகத்தான் சேர்ந்திருக்கிறது. ஒரு மருந்தை எடுக்க ஐந்து தடவை இறங்கி ஏறுகிறேன். பொறுக்கும் வரை பொறுப்பேன் என்கிறார் முதலாளியம்மா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நீ ஊகித்தது சரி. ஓட்டியது மாமா.

பள்ளியை மூடிய பிறகு அவர் எப்படி இருந்தார் என்பது உனக்குத் தெரியாது. உன் போனுக்கு மட்டும் கலகலப்பாகப் பேசுவார். மற்ற நேரமெல்லாம் குளிக்கக்கூட யாராவது சொல்ல வேண்டும். ஒரு நாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, "மாமா, நீங்க ஓட்டுங்க, நான் உங்க சீட்ல உக்காந்துக்கறேன்" என்றேன். பக்கத்து இருக்கையில்தான் பிரேக் இருக்கிறதே. ஞாயிறு காலையில் தெரு காலியாக இருக்கும். அவருக்கு நேர்ப்பார்வை உண்டு, ஓரத்துக்கு நான். "இடப்பக்கம் சைக்கிள்", "வலப்பக்கம் ஆள்" என்று சொல்லிக்கொண்டே வருவேன். வீட்டுக்குத் திரும்பியதும், "இன்னிக்கு நீ நல்லா சொல்லிக் குடுத்தேம்மா" என்பார். இரண்டு பேரும் சிரிப்போம். அன்றைக்கு மட்டும் நன்றாகச் சாப்பிடுவார். உன் அண்ணனுக்கு இது தெரியும், தெரியாதவர் மாதிரி இருந்துகொண்டார்.

இன்சூரன்ஸை நான் மறக்கவில்லை. பயிற்சி வண்டி என்று இருந்ததைச் சொந்த வண்டி என்று மாற்றிப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு அந்தப் பெடல்களை எடுத்துவிட்டு வண்டியைச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார் இன்சூரன்ஸ்காரர். பெடலை எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை இல்லை. அடுத்த வாரம் பார்க்கலாம், அதற்கடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். மெத்தப் படித்தவள் செய்கிற காரியமா என்று நீ கேட்கலாம். நானே தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்கு வேன் வந்தது ஓரத்தில். நான் பார்த்தேன், மிதித்தேன். மோதியது. அதை நினைக்காத நாளில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் மிதித்திருக்கலாமா? மிதிக்காமலே விட்டிருந்தால் தாண்டிப் போயிருப்போமா? தெரியவில்லை.

என் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. ரிவர்ஸ் ஓடிவந்து முதலில் மாமாவை இறக்கினார், பிறகு அதே கதவு வழியாக என்னையும் இழுத்தார். போலீஸ் வந்தபோது நான் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் தரையில் கிடந்தேன். "வண்டி ஓட்டினது யாரு?" என்றார்கள். மாமா இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரியே வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். லைசன்ஸ் இல்லாமல், பார்வை இல்லாமல் ஓட்டினார் என்று அந்தப் பாதிப் பேரும் பேசுவார்களே என்று தோன்றியது. "நான்தான்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற ரிவர்ஸ் வாயைத் திறக்கவில்லை.

பதிவைக் கொடுத்தால் வேன் நம்பர் தெரியும். மாமா ஓட்டுநர் கதவிலிருந்து இறங்குவதும் தெரியும். நான் சொன்ன பொய்யும் தெரியும். அதனால்தான் அது டயர் கடையிலேயே கிடக்கிறது.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். அன்றையிலிருந்து மாமா என்னிடம் பேசுவதே இல்லை. நன்றி சொல்ல வேண்டாம். "வலிக்குதாம்மா?" என்று கேட்கலாம் இல்லையா?

இதை யாரிடமும் சொல்லாதே. உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணி


ஜூலை 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? நீங்களே படிக்க வேண்டும் என்பதற்காகக் கொட்டை எழுத்தில், ஒரு பக்கத்துக்கு நாலே வரி எழுதுகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அண்ணி படித்துக் காட்டுவார், அதனால் டயர் கடை முகவரிக்கு அனுப்புகிறேன்.

அண்ணி என்னிடம் சொன்னதை உங்களிடம் சொல்லக்கூடாது. சொல்லவில்லை. வண்டியின் படத்தில் நானே பார்த்ததைச் சொல்கிறேன்: அன்றைக்கு நீங்கள் ஓட்டினீர்கள்.

அந்த உண்மை வெளியே வராமல் இருக்கத்தான் கேமரா பதிவு வெளியே வரவில்லை. பதிவு வராமல் வேன் கிடைக்காது. வேன் கிடைக்காமல் ஆபரேஷன் இல்லை. அண்ணி வேலையை விட வேண்டியிருக்கும்.

உங்கள் பெயருக்காக அண்ணி ஆயுசு முழுக்க நொண்டத் தயாராக இருக்கிறார். நீங்கள் அதற்குத் தயாரா என்று மட்டும் கேட்கிறேன்.

உங்கள் மகள்


ஜூலை 16

வாலு,

சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது.

உன் கடிதத்தை நானே படித்தேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை. ரிவர்ஸ் பக்கத்திலேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். போய் டயரைப் பாரடா என்று விரட்டினேன்.

என் பள்ளியில் ஒரு சட்டம் உண்டு. உனக்கும் சொல்லியிருக்கிறேன். யார் காலடியில் அந்த இரண்டாவது பிரேக் இருக்கிறதோ, விபத்து அவருடையது. கற்க வந்த பிள்ளை ஒருவன் ஒருமுறை ரொட்டிக் கடைக் கதவுக்குள்ளேயே வண்டியை விட்டான். யார் ஓட்டியது என்று போலீஸ் கேட்டது. நான்தான் என்றேன். அது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை. அவ்வளவு வருஷமும் அப்படித்தான்.

அன்றைக்கு உன் அண்ணி "நான்தான்" என்று சொன்னபோதும் அதை நான் பொய்யாக நினைக்கவில்லை. முறைப்படி சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் என் இடத்தில் உட்கார்ந்திருந்தாள், பிரேக்கை அவள் மிதித்தாள், பொறுப்பையும் எடுத்துக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் நான் மாஸ்டர் இல்லை என்று எனக்குப் புரிந்துபோயிற்று. இனி யாருக்கு நான் என்ன சொல்ல? அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவளிடம் கோபம் என்று அவள் நினைத்திருப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

கேஸ் நிற்பது எனக்குத் தெரியாது. கேட்கும்போதெல்லாம் உன் அண்ணன், "எல்லாம் நடக்குதுப்பா" என்றான். அவனுக்கும் நான்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அப்போதே கண்ணாடியைப் பார்க்க மாட்டான்.

என் சட்டம் என் வண்டிக்குள்தான் செல்லும். வெளியே வேறு சட்டம். நாளை காலை பதிவை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போகிறேன். ரிவர்ஸ் கூட்டிப் போகிறான். அவன் ஓட்டுவான் என்பதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அப்பா


செப்டம்பர் 2

அன்புள்ள வாலுவுக்கு,

நலம்தானே? யாரிடமும் சொல்லாதே என்ற என் பேச்சை மீறாமலே மீறியிருக்கிறாய். இதை எந்த லிஃப்ட்டில் கற்றாய்? இரண்டு நாள் உன் மேல் கோபமாகத்தான் இருந்தேன். மூன்றாம் நாள் உன் அண்ணன் மேல் மாற்றிக்கொண்டேன். அவர் பழகியவர்.

மாமா வக்கீலம்மாவிடம் போய்வந்ததே எனக்கு மாலையில்தான் தெரிந்தது. நேராகச் சமையலறைக்கு வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றார். தானும் உட்கார்ந்தார்.

"அந்தப் பதிவை இன்னிக்குப் பாத்தேன். திரைக்குக் கிட்ட மூக்கை வச்சு, திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பாத்தேன்."

நான் எட்டி அடுப்பை அணைத்தேன்.

"சரியான நேரத்துல மிதிச்சிருக்க. மிதிக்கலேன்னா அந்த வேன் கதவோட நடுவுல வந்திருக்கும். கால் இல்ல, நீயே இருந்திருக்க மாட்ட. இத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், நானா இருந்தாகூட இவ்வளவு சரியா மிதிச்சிருப்பேனான்னு தெரியலை."

அப்புறம் குனிந்து என் காலைப் பார்த்தார். "ரொம்ப வலிக்குதா?" என்றார். எனக்கு வந்த அழுகையை எழுத வேண்டாம்.

போன வாரம் விசாரணை. நான் கொடுத்த முதல் வாக்குமூலம் தவறு என்று வக்கீலம்மா ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். அதற்காக அதிகாரி என்னை நன்றாகவே கடிந்துகொண்டார். கேட்டுக்கொண்டேன். பிறகு மாமாவைக் கூப்பிட்டார்கள்.

"ஓட்டினது நான். லைசன்ஸ் காலாவதி. ஓரப்பார்வை கிடையாது. வண்டிக்கு இன்சூரன்ஸும் இல்லை. எல்லாத்தையும் எழுதிக்குங்க" என்றார், பாடம் சொல்கிற குரலில்.

"உங்க மருமக எங்க உக்காந்திருந்தாங்க?"

"என் சீட்டுல."

"அப்ப நீங்க?"

"கத்துக்க வர்றவங்க சீட்டுல."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பின் வரிசையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஊரில் பாதிப் பேர் என்றேனே, அதில் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். யாரும் கேலியாகச் சிரிக்கவில்லை.

வேன் ஒரு சலவைக் கடையுடையது. வேன் அன்றைக்கு ஷெட்டை விட்டே எடுக்கவில்லை என்று சாதித்தார்கள். பதிவைப் போட்டதும் பேச்சு மாறியது. கண் தெரியாதவர் ஓட்டியதால்தான் விபத்து என்றார் அவர்கள் வக்கீல். மாமா விடவில்லை. "வேன் சிவப்புல வந்துச்சுங்க. அதைப் பாக்க என் கண்ணு வேணாம், அவன் கண்ணு போதும்."

கேட்ட தொகை முழுதாகக் கிடைக்கவில்லை. நம் பங்குத் தப்புக்குக் கழித்துக்கொண்டார்கள், அபராதமும் உண்டு. ஆனாலும் மிச்சத்தை அந்த வேனின் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. ஆபரேஷனுக்குப் போதும். சேர்ந்த எலும்பை மறுபடி உடைத்து நேராக்கித் தகடு வைக்க வேண்டுமாம். டாக்டரிடம் திட்டு வாங்கினேன். இந்த மாதம் பதினெட்டாம் தேதி. முதலாளியம்மா, "நின்னுக்கிட்டு வா, ஸ்டூலைத் தூக்கிப் போட்டுடலாம்" என்கிறார்.

நம் வண்டியை மெக்கானிக்கே எடுத்துக்கொண்டார். மாமா போய்ப் பார்க்கவில்லை. விசாரணையிலிருந்து வாடகைக் கார் ஒன்றில் திரும்பினோம். முன்னால் உட்கார்ந்த மாமா சந்திப்பு வரை சும்மாதான் இருந்தார். திடீரென்று, "தம்பி, கிளட்ச்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டாதப்பா, தேஞ்சு போயிடும்" என்றார். அந்த டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நான் மன்னிப்புக் கேட்பேன். அன்றைக்குக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீடு வரும் வரை மாமா நிறுத்தவே இல்லை.

ஆபரேஷனுக்கு நீ வருவதாக உன் அண்ணன் சொன்னார். இந்தத் தடவை முழுதாக நம்புகிறேன். இங்கே வந்ததும் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள். எனக்காக இல்லை, என்னை ஆஸ்பத்திரி வண்டியே கொண்டுபோகும். தினமும் என்னைப் பார்க்க மாமாவை நீதான் அழைத்துவர வேண்டும். உன் ஓட்டுதலில் வழியெல்லாம் குற்றம் கண்டுபிடிப்பார். அப்பாதானே என்று பொறுத்துக்கொள்ளாதே. ஒவ்வொன்றுக்கும் எதிர்த்துப் பேசு. இவ்வளவு நாளாக இந்த வீட்டில் அவரோடு சண்டை போட ஆளே இல்லை.

பத்திரமாக வந்து சேர்.

உன் அண்ணி